ரிப்பன் கட்டிய நாற்காலி

அன்புள்ள நாற்காலி டாக்டரம்மாவுக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் அம்மா இருக்கிறார், பேசுகிறார், இன்று காலையில்கூடக் காப்பி கழுநீர் மாதிரி இருக்கிறது என்று என்னைத் திட்டினார். இதை மனதில் வைத்துக்கொண்டு மீதியைப் படி. உட்கார்ந்து படி.

லீவு போட்டு ஊருக்கு வந்துவிட்டு, உங்கள் மரச்சாமான் பழுதுபார்க்கும் கல்லூரிக்குத் திரும்புகிற உன் வகுப்புத் தோழி கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். போனில் ஏன் சொல்லவில்லை என்று கோபப்படுவாய். நம் வீட்டில் நான் தும்மினாலே, என்ன மாப்ள என்று அத்தை அடுத்த அறையிலிருந்து குரல் கொடுப்பார். தவிர, போனில் உன்னிடம் மூச்சுவிடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டார். கடிதத்தைப் பற்றிப் பேச்சு வரவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.

போன சனிக்கிழமை மாளிகையில் மாலை விருந்து. நீ போன பிறகு ஆரம்பித்த கூத்து இது. பகலெல்லாம் காட்சியகம், பொழுது சாய்ந்தால் கேட்டவர்களுக்கு வாடகைக்கு விடுகிறோம். அன்றைக்கு ஒரு கம்பெனியின் ஆண்டு விழா. மெழுகுவத்தி ஏற்றக் கூடாது, அடுப்பு பின்முற்றத்தைத் தாண்டக் கூடாது, வாடகை மேசைகளின் காலுக்கெல்லாம் கம்பளித் துணி சுற்ற வேண்டும், ஊசிக் குதிகால் செருப்போடு வருகிறவர்கள் அதை வாசலிலேயே கழற்றிவிட்டுத் துணிச்செருப்பு மாட்ட வேண்டும். இதையெல்லாம் சொல்லி முடிப்பதற்குள் மாளிகையைக் கவனித்துக்கொள்கிற எனக்குத் தாவு தீர்ந்துவிடுகிறது. இங்க விருந்தா நடக்குது, ஆபரேஷனா நடக்குது என்று ஒரு அம்மாள் கேட்டே விட்டார்.

நம் வெள்ளை ரிப்பன் உனக்குத் தெரியும். மாளிகையின் பழைய நாற்காலிகளில் ஒரு கையிலிருந்து மறு கைக்குக் குறுக்கே கட்டியிருப்போமே, இதில் உட்காராதே என்று வாய் திறக்காமல் சொல்வதற்காக. நீ போனதிலிருந்து அதைத் துவைப்பது, இஸ்திரி போடுவது, கட்டுவது எல்லாம் அத்தைதான். யாரும் கேட்கவில்லை, தானே இழுத்துப் போட்டுக்கொண்டார். அன்றைக்கு அலங்காரக்காரர் அதைப் பார்த்துவிட்டு, அட, எடுப்பாக இருக்கிறதே என்று வாடகை நாற்காலிகளிலும் அதே மாதிரி வெள்ளை ரிப்பனைக் குறுக்கே கட்டி வைத்துவிட்டார். நல்ல எண்ணத்தில்தான். விருந்தாளிகள் வந்தார்கள், அவிழ்த்தார்கள், உட்கார்ந்தார்கள். அதன் பிறகு எது வாடகை, எது மாளிகையுடையது என்று யார் பார்க்கப் போகிறார்கள்? கூடத்தில் ஒருவரைக் கெஞ்சி எழுப்பினால் சாப்பாட்டு அறையில் இன்னொருவர் அமர்கிறார்.

எழுத்தறை நாற்காலிதான் என் பயமெல்லாம். மாளிகையைக் கட்டிய பெரியவர் கடைசிவரை உட்கார்ந்து எழுதிய பிரம்பு நாற்காலி. வருகிறவர்களில் பாதிப்பேர் அதைப் பார்க்கத்தான் வருகிறார்கள். உதவிக்கு வந்திருந்த அத்தையைக் கூப்பிட்டு, இங்கேயே நில்லுங்க, யாரையும் உட்கார விடாதீங்க என்று சொன்னேன். நீங்க போங்க மாப்ள, நான் பாத்துக்கறேன் என்றார். நான் ஓடிவிட்டேன். காலையிலிருந்து அவர் நின்றுகொண்டேதான் இஸ்திரி போட்டார் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

உன் அம்மாவைப் பற்றி நான் உனக்குச் சொல்ல வேண்டுமா? நம் கல்யாண நாளிலிருந்து நான் இருக்கிற இடத்தில் அவர் உட்கார்ந்ததில்லை. பஸ்ஸில் பாதி இருக்கை காலியாகக் கிடந்தாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியேதான் வருவார். கண்டக்டர் சொன்னாலும் கேட்க மாட்டார். நாம் இரண்டு பேரும் எவ்வளவு கேலி செய்திருக்கிறோம்.

விருந்து முடிகிற நேரத்தில் மாளிகைச் செயலாளர் கம்பெனி முதலாளியை எழுத்தறைக்கு அழைத்துப் போனார். நானும் பின்னால் போனேன். அத்தை அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பிரம்பு கிழிந்து, பின்னங்கால் ஒன்று பிளந்து, நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது.

நான் கத்தினேன். எந்திரிங்க அத்தை, என்ன காரியம் பண்ணிட்டீங்க என்று அத்தனை பேர் முன்னிலையில் கத்தினேன். அவர் எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. அதற்குப் பிறகுதான் நான் அவர் முகத்தைப் பார்த்தேன். உதடு நீலம் பாரித்து, நெற்றியெல்லாம் வியர்வை. அவிழ்த்த ரிப்பன் கைக்குள் இருந்தது. தெரியாமல் உட்காரவில்லை. தானே போட்ட முடிச்சைத் தானே அவிழ்த்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். நான் வரும் வழியில், நான் பார்க்கும்படி. அப்படியென்றால் எந்த நிலையில் இருந்திருப்பார் என்று நீயே யோசித்துக்கொள். எனக்கு இன்னும் வெட்கம் போகவில்லை.

இதயத்தில் வால்வு பழுது என்கிறார் மருத்துவர். மாதக்கணக்காக மூச்சு வாங்கியிருக்கிறது. படியில் நின்று நின்று ஏறியதை முட்டிவலி என்று சொன்னார், நானும் நம்பினேன். ஆபரேஷன் செய்தாக வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்றார் மருத்துவர். உன் அம்மா சம்மதிக்க மாட்டேன் என்கிறார். உன் பரீட்சை முடியட்டும், நீ வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரே பிடிவாதம். சொன்னா அவ எல்லாத்தையும் போட்டது போட்டபடி ஓடியாந்துடுவா மாப்ள, இந்தப் பரீட்சைய விட்டா அப்பறம் எங்க எழுதறது என்கிறார். பரீட்சை வரைக்கும் தாங்குமா என்று மருத்துவரைத் தனியாகக் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

செயலாளர் நல்ல மனிதர். ரிப்பன் குழப்பத்துல விருந்தாளி யாரோ உக்காந்துட்டாங்கன்னு சொல்லிடுவோம்யா, பழி அலங்காரக்காரனோட போகட்டும் என்று எனக்கு வழி சொன்னார். அத்தை காதில் விழுந்ததும் படுக்கையிலிருந்தே சீறினார். நான்தான் உக்காந்தேன்னு சொல்லுங்க, அடுத்தவன் பொழப்புல மண்ணப் போடாதீங்க என்றார். நிர்வாகக் குழுவிடம் அப்படியே சொல்லிவிட்டேன். வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை, மாலை விருந்துகளைத்தான் இப்போதைக்கு நிறுத்தியிருக்கிறார்கள். நாற்காலியைத் துணி சுற்றிப் பின்னறையில் வைத்திருக்கிறோம். நீ படித்து முடித்து வந்து சரிசெய்கிற வரைக்கும் யாரும் தொடக் கூடாது என்று நிர்வாகக் குழுவில் முடிவாகியிருக்கிறது.

வீட்டில் ஒரு மாற்றம். நான் உள்ளே நுழைந்தால் சட்டென்று எழுந்து நிற்பாரே, இப்போது உட்கார்ந்தே இருக்கிறார். தப்பா நெனச்சுக்காதீங்க மாப்ள என்கிறார், ஒவ்வொரு தடவையும். நான் கொல்லைப் பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுகிறேன். உன்னிடம் சொல்வதற்கு என்ன.

வா என்று நான் எழுதவில்லை. சத்தியம் வாங்கிய மனுஷி சுவருக்கு அந்தப் பக்கம் இருமிக்கொண்டிருக்கிறார். வராதே என்று எழுதலாமென்று பார்த்தேன், அதற்கும் கை வரவில்லை.

வேளைக்குச் சாப்பிடு. நன்றாகத் தூங்கு. நாற்காலியைப் பற்றி மட்டும் கவலைப்படாதே. அது உனக்காக எத்தனை வருஷம் வேண்டுமானாலும் காத்திருக்கும்.

உன் வழியையே பார்த்திருக்கும்,
உன் வீட்டுக்காரன்