கனகா பேசாத வசனம்

டிவியோடு சண்டை போடும் என் அம்மாவுக்கு,

ஆடி வந்தால் நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம். முதலில் ஊர்ச் செய்தி சொல்லிவிடுகிறேன். இந்த வருஷம் ஆற்றில் தண்ணீர் நேரத்தோடு வந்துவிட்டது, குறுவைக்கு நாற்று விட்டாகிவிட்டது. நம் வீட்டுச் சாவி பக்கத்து வீட்டு சாந்தி அத்தையிடம் இருக்கிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் திறந்து கூட்டிப் பெருக்கி விளக்கு வைக்கிறாள்.

உன் பேத்தி யாழினி ஒன்றாம் வகுப்புக்குப் போகப் போகிறாள். வருகிற திங்கட்கிழமை தஞ்சாவூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் அவளைச் சேர்க்க வேண்டும். அம்மா, அப்பா ரெண்டு பேரும் வரச் சொல்லியிருக்கிறார்கள். அங்கேதான் எனக்குச் சிக்கல்.

உன்னிடம் மறைத்ததை இப்போது சொல்கிறேன். யாழினியின் அப்பா துபாயில் இல்லை. இதோ இருக்கிற சென்னையில், வேறொரு குடும்பத்தோடு இருக்கிறார். எங்களை விட்டுப் போய் ரெண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஆஸ்பத்திரியில் கூட வேலை செய்கிற நர்ஸுகளிடமும் மாடி வீட்டு அம்மாவிடமும் துபாய் என்றே சொல்லி வைத்திருக்கிறேன். உன்னிடமும் அதைத்தான் சொன்னேன். நீ நம்பினாயா அம்மா? தீபாவளிக்கு மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லையா என்று ஒரே ஒரு தடவை கேட்டாய். அதற்குப் பிறகு நீ கேட்கவே இல்லை.

திங்கட்கிழமையும் துபாய் என்றே சொல்லிவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் கனகா ஞாபகம் வந்தது.

அரசாங்கம் வீட்டுக்கு வீடு கலர் டிவி கொடுத்ததே, அது நம் கூரை வீட்டுக்கு வந்த புதிதில் நீங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து பார்த்த சீரியலின் கதாநாயகி கனகா. புருஷன் விட்டுவிட்டுப் போய்விடுவான். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வறுமையிலிருந்து கரையேற அவள் படாத பாடு இல்லை. தெருவில் எல்லார் வீட்டிலும் டிவி இருந்தும் நடவுக்குப் போகிற பெண்கள் அத்தனை பேரும் நம் வீட்டில்தான் கூடினார்கள். உன் வாயைக் கேட்கத்தான் வந்தார்கள் என்று நினைக்கிறேன். கனகா நடவு நடுகிற காட்சி வந்த அன்று நீ போட்ட போடு எனக்கு இன்னும் மறக்கவில்லை. அவள் முன்பக்கமாக நடந்துகொண்டே நட்டாள். பின்னால் போகாமல் முன்னால் போனால் நட்டதையே மிதிக்க வேண்டியதுதானே, இவளுக்கு எவன் கூலி கொடுத்தான் என்று கேட்டாய். அன்றைக்கு அத்தனை பேரும் சிரித்த சிரிப்பில் வசனமே கேட்கவில்லை.

ஆனால் நீயும் கனகா மாதிரிதான் இருந்தாய். அதை யாரும் வாய் திறந்து சொன்னதில்லை. அப்பா திருப்பூருக்குப் போய் அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்டார் என்பது தெருவுக்கே தெரியும். நீ மட்டும் வேலைக்குப் போயிருக்கிறார், வந்துவிடுவார் என்பாய். சாந்தி அத்தையும் 'அண்ணன் போன் பண்ணிச்சா?' என்று கேட்பாள். நீயும் நேற்றுக்கூடப் பேசினார் என்பாய். உன் மானத்தைத் தெருவே சேர்ந்து காப்பாற்றியது. அப்படிக் காப்பாற்றியதில்தான் நம் வீடு கையை விட்டுப் போகப் பார்த்தது.

பண்ணை வீட்டுக்காரர்கள் நம் தெரு இருக்கும் மனை தங்களுடையது என்று போட்ட வழக்கு எத்தனை வருஷம் நடந்தது. நீ கொடி பிடித்து ஊர்வலம் போனது, என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு தாலுகா ஆபீஸ் வாசலில் உட்கார்ந்தது எல்லாம் அதற்காகத்தான். கடைசியில் தெருவுக்குத் தீர்ப்பாகி, குடியிருக்கிறவர்களுக்கே பட்டா என்றார்கள். வி.ஏ.ஓ. பேர் எழுத வந்தபோது புருஷன் எங்கே என்று கேட்டார். பழக்க தோஷம், உனக்கு. திருப்பூரில் வேலைங்க, வந்துருவாருங்க என்றாய். சுற்றி நின்றவர்களும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ரேஷன் கார்டிலும் அப்பா பேர்தான் முதலில் இருந்தது. வி.ஏ.ஓ. அந்தப் பேரையே எழுதிக்கொண்டு போய்விட்டார்.

செய்தி திருப்பூருக்குப் போக எத்தனை நாளாகும்? பட்டா வந்ததும் அப்பா மனையை விற்கப் போகிறாராம், பேரளத்தில் ஆள்கூடப் பார்த்துவிட்டாராம் என்று தெருவில் பேச்சு வந்தது. நான் அப்போது திருவாரூரில் ஹாஸ்டலில் தங்கி நர்சிங் படித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமை வீட்டுக்கு வந்தபோது நீ எல்லாவற்றையும் முடித்துவிட்டு அடுப்பில் மீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தாய். நன்னிலத்தில் ஜமாபந்தி நடந்ததாம், வருஷத்துக்கு ஒரு தடவை அதிகாரிகள் உட்கார்ந்து நிலக் கணக்குப் பார்த்து மனு வாங்குவார்களே, அது. தாசில்தார் முன்னால் மனுவை நீட்டினாயாம். பட்டியலில் இருக்கிற ஆளை வரச் சொல்லம்மா என்றாராம் அவர்.

"புருஷன் இல்லைங்க. விட்டுட்டுப் போயிட்டாரு. அந்த வீட்டுல நானும் எம் பொண்ணும், ரெண்டே பேருதாங்க." இதைத்தான் சொன்னாயாம், அத்தனை சனத்துக்கு நடுவே. தாசில்தார் அங்கே வந்திருந்த தெருக்காரர்களைக் கூப்பிட்டு விசாரித்தபோது அவர்களும் முதல் தடவையாக உண்மையைச் சொன்னார்களாம். பட்டியலில் பேர் மாறியது.

எப்படிம்மா சொன்னே என்று கேட்டேன். குழம்பைக் கிளறிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல், "கனகா சொன்னாடி, முந்தா நாளு. நல்லாருந்துச்சு, எடுத்துக்கிட்டேன்" என்றாய்.

நான் அதற்கு என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். சீரியல் வசனத்தைப் போய் ஊர் முன்னால் ஒப்பித்துவிட்டு வந்திருக்கிறாயே, என் சிநேகிதிகள் காதில் விழுந்தால் என்ன ஆகும் என்றேன். ஹாஸ்டலில் நானும் திருப்பூர் என்றுதானே சொல்லி வைத்திருந்தேன். நீ தட்டை வைத்துச் சோறு போட்டாய். அந்தப் பேச்சுக்காக உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று எத்தனையோ தடவை நினைத்தேன், கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன்.

அந்த சீரியல் மொத்தமும் இப்போது போனிலேயே கிடைக்கிறது. கனகா அதை எப்படிச் சொன்னாள் என்று பார்த்துக்கொண்டால் எனக்கும் தைரியம் வரும் என்று தேடினேன். ஆபீஸ் காட்சி கிடைத்தது. அதிகாரி உன் புருஷன் எங்கே என்று கேட்கிறார். கனகா தாலியைப் பிடித்துக்கொள்கிறாள். அவள் முகத்தை மூன்று தடவை காட்டுகிறார்கள். அழுகிறாள். ஒரு வக்கீல் வந்து அவளுக்காகப் பேசுகிறார். அவ்வளவுதான். முன்னால் பத்து எபிசோடு, பின்னால் பத்து எபிசோடு பார்த்தேன். கனகா எங்கேயும் சொல்லவில்லை அம்மா.

சாந்தி அத்தைக்குப் போன் போட்டேன். அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

"அவ எங்கடி சொன்னா? அழுதுகிட்டுல்ல நின்னா. ஒங்கம்மாதான் டிவியப் பாத்து சத்தம் போட்டா. புருஷன் இல்லைங்க, நானும் எம் பொண்ணும் ரெண்டே பேருதாங்கன்னு சொல்லித் தொலையேன்டின்னு. சொல்லிட்டு அப்படியே நின்னுட்டா. நாங்க எல்லாரும் டிவிய வுட்டுட்டு அவளையே பாத்தோம். மறுநாள் விடிஞ்சதும் பஸ் ஏறிட்டா."

போனை வைத்துவிட்டு ரொம்ப நேரம் அழுதேன். உன் வசனத்தை ஏன் அம்மா அவளுக்குக் கொடுத்தாய்? நீயாகச் சொன்னாய் என்றால் எனக்கு இன்னும் கேவலமாக இருக்கும் என்று நினைத்தாயா? இல்லை, உனக்கே நம்பிக்கை வரவில்லையா? இனி யாரிடம் போய்க் கேட்பேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை காலையில் யாழினியைக் குளிப்பாட்டி, ரெட்டைச் சடை போட்டு, நீ வாங்கிக் கொடுத்த பச்சைக் கவுனைப் போட்டு அழைத்துக்கொண்டு போவேன். அப்பா எங்கே என்று கேட்பார்கள். சொல்லிவிடுகிறேன் அம்மா, நிச்சயம் சொல்லிவிடுகிறேன். இது எங்கே கற்றுக்கொண்டது என்று யாழினி ஒருநாள் என்னைக் கேட்டால் சீரியலில் பார்த்தேன் என்று சொல்லமாட்டேன். உன் பேரைச் சொல்வேன்.

அந்த ரெண்டே பேரில் ஒருத்தி,
உன் மகள்
தமிழரசி