முன்வாசல் வழியாக வந்தவர்கள்

கூடத்தில் இன்னும் எலுமிச்சை வாசனை அடிக்கிறது. நேற்று மீன்காரப் பெண்கள் டீ குடித்துவிட்டு எழுந்து போனதும், அவர்கள் உட்கார்ந்த நாற்காலிகளைச் சுற்றி நம் மகன் ஸ்ப்ரே அடித்தான். நீ இருந்திருந்தால் அந்த டப்பாவை அவன் கையிலிருந்து பிடுங்கியிருப்பாய்.

கடம்பத்தூரிலிருந்து இந்தப் பழவேற்காட்டுக்கு நீ மருமகளாக வந்தபோது, என் தாத்தா கட்டிய இந்த ஹோட்டலில் ஒரு வழக்கம் இருந்தது. மாடி அறைகளில் வெளியூர்க்காரர்கள் தங்குவார்கள். கீழே நிலம் வைத்திருப்பவர்களும் வியாபாரிகளும் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். மீனவர் குப்பத்து ஆட்களுக்குப் பின்பக்கத்து ஜன்னல். இட்லியை இலையில் வாங்கி, நின்றபடியே தின்றுவிட்டுப் போக வேண்டும். எங்கள் வீட்டில் யாருக்கும் அது உறுத்தவில்லை.

உனக்கு உறுத்தியது. ஓர் ஐப்பசி மழையில் செல்வியும் இன்னும் சில பெண்களும் மீன்கூடையைத் தலைக்குமேல் பிடித்தபடி ஜன்னலருகே நின்றார்கள். செல்விக்கு அப்போது சின்ன வயது. நீ முன்வாசலுக்குப் போய்க் கூப்பிட்டாய்.

"உள்ள வந்து ஒக்காருங்க. மழைல நனைஞ்சிக்கினு இன்னாத்த துன்றது?"

அவர்கள் தயங்கித் தயங்கி உள்ளே வந்தார்கள். கூடத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த என் அப்பா பாதி இட்லியோடு எழுந்து, கை கழுவி, மாடிக்குப் போனார். அதற்குப்பின் அவர் கூடத்தில் சாப்பிடவே இல்லை. சாகும்வரை உன்னோடு பேசவும் இல்லை. அவருக்கு வேளாவேளைக்கு நீதான் தட்டை மாடிக்குக் கொண்டுபோனாய். கஷ்டமாக இல்லையா என்று ஒருமுறை கேட்டேன்.

"பேசலன்னா இன்னா? தட்டு காலியாத்தான வருது," என்றாய்.

மகன் கும்மிடிப்பூண்டி கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து ஹோட்டலைப் பார்த்துக்கொள்கிறான். நன்றாக உழைக்கிறான், அதில் குறை சொல்ல மாட்டேன். ஏரிப் பறவைகளையும் இந்தப் பழைய கட்டடத்தையும் பார்க்கச் சென்னையிலிருந்து வருகிறவர்கள் மீன் நாற்றம் என்று முகம் சுளிக்கிறார்களாம். வெளியே தகரக் கூரை இறக்கி, மீன்காரர்களுக்குத் தனியாக மேசை போடலாம் என்று நேற்று சமையலறையில் வைத்துச் சொன்னான்.

"அவங்களுக்கும் அதாம்பா ஃப்ரீயா இருக்கும்."

"வேணாம். உங்கம்மா இத்த ஒத்துக்குவாளா?"

"அம்மா இருந்தப்ப ரூம் காலியா கெடந்ததில்ல. இப்ப ஆளு வராம எப்டிப்பா நடத்துறது? நீயே சொல்லு."

நாங்கள் பேசியது கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த செல்விக்கும் மற்றவர்களுக்கும் கேட்டிருக்கிறது.

இன்று காலை செல்வி படியேறவில்லை. வாசலில் நின்றே கிளாஸை வாங்கிக்கொண்டாள்.

"உள்ள வாம்மா," என்றேன்.

"இங்கயே குடிச்சிக்கிறேண்ணா. புள்ளைகூட ஒங்களுக்கு இன்னாத்துக்கு பேஜாரு?"

உள்ளே அத்தனை நாற்காலிகளும் காலி. என் கிளாஸை எடுத்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் நின்று குடித்தேன். மகன் கல்லாவிலிருந்து பார்த்தான், எழுந்து வரவில்லை. நாளைக்கே தகரத்தை இறக்கினாலும் இறக்குவான்.

அவனோடு சண்டை போட எனக்குத் தெம்பில்லை. உன் துணிச்சலும் எனக்கு வராது. ஆனால் ஒரு ஆள் வெளியே நிற்கும்போது உள்ளே உட்கார்ந்தால் டீ தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது. உன்னோடு வாழ்ந்ததில் ஒட்டிக்கொண்டது அது.