வல்லூற்றின் முட்டைக்கு இரும்பும் கரியும்

ஆரையம்பதி
10.02.1997

அன்புள்ள மகள் தவமலருக்கு,

கண்ணகை அம்மன் காவலில் நானும் அப்பாவும் எழும்பி நடமாடிக்கொண்டிருக்கிறோம். அந்தக் குளிருக்குள்ளும் அவள் உன் பக்கத்தில் நிற்கவேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் கேட்கிறேன்.

நீ எழுதியபடி வல்லூற்றின் முட்டைக்கு அடியில் கல் போட்டாயிற்று. யார் யார் நின்றது என்று எப்படியும் கேட்பாய், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான், அப்பா, டவுனில் இருந்து வந்த தச்சு வேலை நோர்மன், ஆலை வாசலில் சென்றிக் காவலரணில் நின்ற ஆமிக்காரர் இரண்டு பேர். வேறு ஒருவரும் இல்லை. இடம் உனக்குத் தெரிந்ததுதான், அப்பா காவல் இருக்கிற, மூடிக்கிடக்கிற அரிசி ஆலையின் தண்ணீர்த் தாங்கி. நீ வந்தாறுமூலை கம்பசில் படித்த காலத்தில் கழுத்து நோக அண்ணாந்து பார்த்தாயே, அதே சீமெந்து விளிம்பில்தான் இம்முறையும் இட்டிருக்கிறது. சுள்ளி ஒன்றுகூடக் கொண்டுவராமல் வெறும் சீமெந்தில் முட்டையிடுகிற பறவையை என்ன சொல்வது. தை பிறந்தும் மழை விடவில்லை, விளிம்பில் தண்ணீர் தேங்கிவிட்டது. ஆலை மேல்மாடி யன்னலால் பார்த்தால் மூன்று செங்காவி முட்டையும் ஈரத்தில் கிடக்க, அது வயிற்றை நனைத்துக்கொண்டு அடைகாக்கிறது. அந்த வேளையில்தான் உன் கடிதம் வந்தது. நீ இப்போது இருக்கிற ஊரில் உயர்ந்த கட்டடங்களில் பலகைத் தட்டு வைத்து, தண்ணீர் வடியத் துளை போட்டு, சிறுகல் பரப்பிக் கொடுக்கிறார்கள் என்றும், இட்ட பிறகு என்றால் வெயில் நேரத்தில் சட்டென்று செய்து இறங்கிவிட வேண்டும் என்றும் எழுதியிருந்தாய்.

கல்லைக் கடற்கரையில் நான்தான் பொறுக்கி எடுத்தேன். ஊரி, சிப்பித் துண்டு முட்டையைக் கீறிப்போடும் என்று சுளகில் கொழித்து, மூன்று தண்ணீரில் கழுவிக் காயவைத்தேன். தட்டை நோர்மன் அடித்தான். "கோழிக்குக் கூடு அடிச்சிரிக்கன், சவப்பெட்டியும் அடிச்சிரிக்கன், பருந்துக்குக் கட்டில் இதான் அக்கா முதல்தரம்" என்று ஒரே பகிடி. பருந்தில்லை, வல்லூறு என்று அப்பா நாலு தரம் திருத்தியும் அவன் விடவில்லை. உயரத்தில் ஏறினால் வேவு பார்க்கிறான் என்று சுட்டுவிடுவார்கள் அல்லவா, அதனால் அப்பா முதல்நாளே ஆமிக் காம்பில் போய்க் கெஞ்சி உத்தரவு வாங்கினார்.

இனி என் வேலையைக் கேள். கோழி அடை வைக்கும்போது இடிச்சத்தத்தில் முட்டை கூழாகாமல் இருக்க இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் வைப்போமே. போன மாதம் ஷெல் அடித்த கிழமையில் நான் அடை வைத்தது அத்தனையும் கூழாகிப் போனது, அவசரத்தில் இரும்பு வைக்க மறந்திருந்தேன். அந்தப் பயத்தில் விரல் நீள ஆணி இரண்டும் கொஞ்சம் கரியும் சீலைத் துண்டில் முடிந்து கல்லுப் பைக்குள் புதைத்துவிட்டேன், அப்பாவிடமும் சொல்லவில்லை. சென்றியில் பையைக் கொட்டினார்கள். கரி, ஆணி, சிறுகல். யோசித்துப் பார் மகள், குண்டுக்கு வேறென்ன வேண்டும். ஆமிக்காரரில் இளையவன் துவக்கை நீட்டி அப்பாவையும் நோர்மனையும் முழங்காலில் இருத்திவிட்டான். நோர்மனுக்குச் சிங்களம் தெரியும், ஆனால் வாய் திறக்க விடவில்லை. எனக்கு அம்மன் தந்த தைரியமோ என்னவோ, குறுக்கே போய் நின்று, பாஷை தெரியாததால் முந்தானையை இரண்டு பக்கமும் விரித்துக் குந்தி, கொக்கொக் என்று அடைக்கோழி மாதிரிச் செய்து காட்டினேன், பிறகு வானத்தைக் காட்டி டமார் என்றேன். மூத்தவன் முதலில் முழித்தான், பிறகு சிரிப்பை அடக்க ஏலாமல் திரும்பிக்கொண்டான். அவன் இளையவனிடம் ஏதோ சொன்னான். தன் தாயும் அடைக்கு இரும்பு வைக்கிறவள் என்று சொன்னதாக நோர்மன் பிறகுதான் விளங்கப்படுத்தினான். ஆனாலும் கல் போகலாம், இரும்பும் கரியும் மேலே போகக்கூடாது என்று சொல்லி முடிச்சைக் காம்புக்குக் கொண்டுபோகத் தன்னிடமே வைத்துக்கொண்டான்.

நோர்மன் தாங்கியில் ஏறினான். தாய்ப்பறவை தலைக்குமேல் வட்டமிட்டுக் கத்தி இரண்டு தரம் அவன் தொப்பியில் அடித்தது. விளிம்பைத் துடைத்து, தட்டை வைத்து, முட்டைகளைக் கல்லில் இருத்திவிட்டு ஒரு நொடியில் இறங்கினான். அது திரும்பி வருமா என்று நாங்கள் மேல்மாடி யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றோம். வெகுநேரம் எதிரே கம்பத்தில் இருந்து பார்த்தது. பிறகு வந்து, கல்லை நெஞ்சால் தள்ளித் தள்ளிக் குழியாக்கி அமர்ந்தபோது அப்பா கண்ணைத் துடைத்தார். தூசி என்றார்.

அன்று பின்னேரமே காம்பில் இருந்து வாவிக்கு அப்பால் படுவான்கரைப் பக்கம் ஷெல் அடித்தார்கள், யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எந்தச் சத்தத்துக்குப் பயந்து இரும்பு கொடுத்தேனோ அந்தச் சத்தம் பிறக்கிற இடத்தில் இரும்பு இருக்கிறது. இதைப் பற்றி இதற்குமேல் எழுதவில்லை, உனக்கு விளங்கும். பறவை எழும்பவில்லை.

ஆனால் ஒன்று, மூன்றில் ஒன்று தட்டின் ஓரத்தில் தனியே கிடக்கிறது. நோர்மன் தொட்டபோதே குளிர்ந்திருந்ததாம். தாய் இரண்டை மட்டும் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்கிறது. எடுத்துவிடுவோம், கூழானால் மற்றதும் கெடும் என்கிறார் அப்பா. எனக்கு மனம் வரவில்லை. இன்னொரு தரம் ஏறினால் தாய் வெறுத்துப் போய்விடுமோ என்றும் பயம், மூத்தவன் மாறி வேறொருவன் சென்றிக்கு வந்தால் உத்தரவு கிடைக்குமோ தெரியாது.

நீ நேரத்துக்குச் சாப்பிடு, இரவு வேலை முடிந்து தனியே வராதே. வெள்ளிக்கிழமையில் ஒரு திரியாவது கொளுத்து. நீயும் உன் கையால் செய்கிறதெல்லாமும் நன்றாக இருக்கவேண்டும். கடிதம் வந்துசேரப் பிந்தும், ஆகையால் டவுனில் நோர்மனின் தமக்கை டோரீன் வீட்டுக்கு டெலிபோன் எடு, நம்பர் உன்னிடம் இருக்கிறது. அந்த மூன்றாவது முட்டையை எடுப்பதா, அப்படியே விடுவதா? கெதியாய் மறுமொழி சொல்லு.

உன் அம்மா
ஆச்சிப்பிள்ளை