சிரிக்கச் சொல்லாத அப்பாவுக்கு

என் பாசமுள்ள அப்பா,

கோபத்தோடு உட்கார்ந்தாலும் பாசம் என்றுதான் எழுத வருகிறது. என்ன செய்ய? நாலு பேர் படிக்கட்டும் என்றே எழுதுகிறேன்.

பதுளையில் மற்ற ஸ்டூடியோக்காரர்கள் கோட்டு மாட்டி, பவுடர் பூசி, "சிரிங்க" என்பார்கள். நீங்கள் அப்படிச் சொல்லி நான் கேட்டதே இல்லை. வந்தவர்களிடம் தேனாகப் பேச்சுக் கொடுத்து, எங்கே வலிக்கும் என்று தெரிந்துகொண்டு, படம் பிடிக்கிற நொடியில் அதையே சொல்வீர்கள். முகம் உடைந்ததும் கமராப் பொத்தானை அழுத்துவீர்கள். "இப்பத்தான் நெசமான மூஞ்சி வந்துச்சு" என்று என்னிடம் பெருமை வேறு.

ஒப்பந்தப்படி தேயிலைத் தோட்டத்தை விட்டு இந்தியாவுக்குக் கப்பலேறப் போகிறவர்களையாவது விட்டீர்களா? பாஸ்போட் படத்துக்கு வந்த கொஸ்லந்தைத் தோட்டத்து ராக்காயி அக்காவிடம், "பொதைச்ச புள்ளைய தேயிலைக்கடியில விட்டுட்டுத்தானே போறீங்க?" என்றீர்கள். படம் எடுத்து முடிந்தும் அவரால் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியவில்லை.

பிறகு என் முறை. அப்புத்தளை மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் படம் வேண்டும். என்னை உட்காரவைத்து, "உன்னையப் பெத்துப் போட்டுத்தான் உங்கம்மா செத்தா" என்றீர்கள். அப்புத்தளையிலிருந்து படம் திரும்பி வந்தது. "பொண்ணு எழவு வீட்டுல உக்காந்த மாதிரி இருக்கு" என்றாராம் மாப்பிள்ளையின் அம்மா. வேறு படம் எடுங்கள் என்று காலைப் பிடித்துக் கெஞ்சினேன். "பொய் மூஞ்சிய நான் எடுக்க மாட்டேன்" என்று சொல்லி, அதையே சட்டம் போட்டுக் கடை வாசலில் மாட்டினீர்கள். பார்த்தவர்கள் மெச்சினார்கள். பெண் கேட்டு ஒருவரும் வரவில்லை.

போன மாசியில் நீங்கள் படுக்கையில் கிடந்தபோது கமராவைக் கொண்டுவந்து உங்கள் முன் நிறுத்தினேன். "நல்லா எடும்மா" என்றீர்கள்.

"நீங்க எடுத்த படத்த ஒருத்தருமே வச்சிருக்கலப்பா. எல்லாரும் கிழிச்சுப் போட்டுட்டாங்க" என்றேன்.

உங்கள் முகமும் உடைந்தது. அழுத்தினேன். மறுநாள் போய்விட்டீர்கள்.

அந்தப் படம் இப்போது என் படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது. பார்க்கிறவர்கள், "அப்படியே இருக்காரு" என்கிறார்கள்.

ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. அன்றைக்கு ராக்காயி அக்காவின் கடிதம் என் இடுப்பில் இருந்தது. திருச்சிப் பக்கத்திலிருந்து எழுதியிருந்தார். "குழிய விட்டுட்டு வந்தேன். ஆனா அந்தப் படத்துல எம்புள்ள எங்கூடத்தான் இருக்கான். தெனமும் வெளக்கு வைக்கிறேன். அய்யாகிட்ட சொல்லுங்க."

நான் சொல்லவில்லை, அப்பா. நீங்கள் இன்னும் ஒரு வாரம் இருந்திருந்தால் சொல்லியிருப்பேனா?

இனி நம் கடை நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் "சிரிங்க" என்றே சொல்வேன். உங்கள் படத்தை மட்டும் கழற்ற மாட்டேன்.

உங்கள் கைவரிசை அப்படியே வாய்த்த ஒரே மகள்,
செல்வி