இடது பக்கமாகவே ஓட்டிய குமாஸ்தா

பிராக்,
அக்டோபர் 1939

ஸாக்ரெப் நகரத்துப் பள்ளிப் பிள்ளைகளை ஒற்றை முறைப்பில் அடக்கி ஆளும் என் அக்காள் மகள் ஆனெஷ்காவுக்கு, போஹேமியா தேசம் முழுவதையும் சிரிக்கவைக்கும் ஏகபோக உரிமை பெற்ற உன் மாமா யாரோமீர் எழுதிக்கொள்வது. இங்கே என் தொந்தி நலம், மீசை பரம நலம். மற்றதெல்லாம் கீழே.

இந்தக் கடிதத்தில் தபால்தலை இல்லை என்று திகைக்காதே. உலர்ந்த பிளம்பழம் விற்க வந்த உங்கள் ஊர் வியாபாரி இதைத் தொப்பியின் உள்துணிக்குள் தைத்துக்கொண்டு வருகிறார். அவரை உட்காரவைத்து நல்ல காப்பி கொடு. இங்கே காப்பி என்ற பெயரில் நாங்கள் குடிப்பது வறுத்த பார்லி. வெண்ணெய்க்கு ரேஷன் சீட்டு வந்துவிட்டது. வீட்டுக்கார அம்மாள் ஹெர்மீனா தன் வாத்தைச் சமையலறையிலேயே வளர்க்கிறாள். அது என்னைவிடக் கொழுத்திருக்கிறது. இருவரில் யார் முதலில் அடுப்பேறுவது என்று தெரியவில்லை.

நான் வக்கீல் குமாஸ்தாவாக நடித்த படம் ஒருவழியாக வெளியாகிவிட்டது. மகா கிறுக்கன் அந்தக் குமாஸ்தா. மூடிய கதவுகளுக்கு வணக்கம் சொல்வான். வக்கீலின் காரைத் திருட்டுத்தனமாக எடுத்து ஓட்டிக்கொண்டே, எதிர்ப்படும் விளக்குக் கம்பம், பால்காரி, கன்னியாஸ்திரீ எல்லோரையும் குறுக்கு விசாரணை செய்வான். அந்தக் காட்சியைப் பிப்ரவரியில் எடுத்தோம். அப்போது நம் ஊரில் வண்டிகள் இடது பக்கம்தானே போகும்? நானும் இடது பக்கமாகவே, ஒரு சக்கரவர்த்தியின் பவனியைப் போல ஓட்டினேன்.

மார்ச்சில் நம் ஊரைப் பிடிக்க வந்த ஜெர்மானியர்கள், வந்த வேகத்தில் தெருக்களை வலது பக்கத்துக்கு மாற்றியது உனக்குத் தெரியும். படத்தில் மாற்ற ஒருவருக்கும் தோன்றவில்லை. ஸ்டுடியோ முழுக்க நம் ஆட்கள். பிறந்ததிலிருந்து பார்த்த தெரு யார் கண்ணுக்குத் தப்பாகத் தெரியும்? தணிக்கைக்காரர் வசனங்களைத்தான் மோப்பம் பிடித்தார்.

முதல் காட்சியில் கார் திரையில் வந்ததும் அரங்கம் ஊமையாகிவிட்டது. செத்தேன், என் நகைச்சுவை செத்தது என்று நினைத்தேன். பின்வரிசையிலிருந்து ஒருவன், "யோவ், அது நம்ம பக்கம்யா! விடாத, ஓட்டு!" என்று கத்தினான். அப்புறம் எழுந்த கைதட்டலில் வால்டாவா ஆறே ஒரு முழம் ஒதுங்கிப் போயிருக்கும். ஜனங்கள் எழுந்து நின்று தட்டினார்கள். ஒரு கிழவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார். சிரிப்புப் படத்துக்கு யாராவது தொப்பி கழற்றுவார்களா?

நான்காம் நாள் படத்தை அரங்குகளிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஐந்தாம் நாள் தோல் கோட்டு அணிந்த ரகசியப் போலீஸார் இருவர் என்னை எடுத்துக்கொண்டு போனார்கள். மிக மரியாதையாக. படியிறங்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஹெர்மீனா அம்மாள் கதவிடுக்கிலிருந்து, "மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துடுவாருல்ல?" என்று கேட்டாள். வாத்துகூடக் கத்தவில்லை.

மேசைக்குப் பின்னால் இருந்த அதிகாரிக்கு வயது முப்பதுகூட இராது. இடது பக்கம் ஏன் ஓட்டினாய் என்று கேட்பார், படம் எடுத்த மாதத்தைச் சொல்லித் தப்பிக்கலாம் என்று ஒரு பிரமாதமான வாதத்தைத் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவரோ, "படத்தை ரெண்டு தடவை பார்த்தேங்க. வயிறு வலிக்கச் சிரிச்சேன்" என்றார். கம்பத்தை விசாரிக்கும் கட்டத்தை நடித்துக் காட்டச் சொன்னார். அவருடைய கோட்டு மாட்டியைக் கம்பமாக வைத்து நடித்தேன். கண்ணில் நீர் வரச் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டே, "உங்க அக்கா மக ஸாக்ரெப்லதானே இருக்காங்க? அவங்க வீட்டுக்காரர் விமானப் படையில இருந்தாராமே?" என்றார்.

ஆனெஷ்கா, என் வாழ்நாளில் முதல் தடவையாக வசனம் மறந்து நின்றேன்.

உன் வீட்டுக்காரன் விலேம் எல்லை மலை தாண்டிப் போன விஷயம் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. எங்கே போனான் என்பதுதான் தெரியவில்லை. எனக்கும் தெரியாது, நீ எழுதாமல் இருந்தது எத்தனை நல்லது! "குடும்பம்னா ஒண்ணா இருக்கணுங்க. பொண்ணு ஊருக்கு வந்துட்டா புருஷன் தானா வந்துடுவான், இல்லீங்களா?" என்றார். உன்னை வரச்சொல்லி நானே எழுதவேண்டுமாம். நீ வந்து சேரும்வரை நான் அவர்களுடைய விருந்தாளியாம். "திங்கக்கிழமை வாங்க. கம்பளிக் காலுறை ரெண்டு ஜோடி எடுத்துக்குங்க, எங்க கட்டடம் கொஞ்சம் குளிரும்" என்று வாசல்வரை வந்து வழியனுப்பினார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன். எதிர்வீட்டு வாசலில் இப்போது ஒருவன் பத்திரிகை படிக்கிறான். நேற்றும் அதே பக்கத்தைத்தான் படித்துக்கொண்டிருந்தான்.

இனி விளையாட்டில்லை, கண்ணு. திங்கட்கிழமை அவர் எதிரில் உட்கார்ந்து உனக்கு ஒரு கடிதம் எழுதப்போகிறேன். அது தபாலில் வரும். கையெழுத்து என்னுடையதாக இருக்கும், கேலியும் கிண்டலும் என்னுடையதாக இருக்கும். மாமாவுக்கு நெஞ்சுவலி, கடைசியாக ஒருமுறை உன்னைப் பார்க்கவேண்டும் என்று இருக்கும். நான் நல்ல நடிகன். கல்லும் கரையும்படி எழுதுவேன். நீ அழுதால் அழுதுகொள். பெட்டியை மட்டும் கட்டாதே. அதற்குப் பிறகு தந்தி வந்தாலும், ஹெர்மீனா அம்மாளே நேரில் வந்து கெஞ்சினாலும், என் இறுதிச் சடங்குக்கு நாள் குறித்து எழுதினாலும் ரயிலடிப் பக்கம் போகாதே. ஏன் வரவில்லை என்று நான் ஒருநாளும் உன்னைக் கேட்கமாட்டேன்.

படித்ததும் இதை அடுப்பில் போடு. நீயும் விலேமும் ஒரே மேசையில் உட்கார்ந்து சூடாக சூப் குடிக்கும் நாள் சீக்கிரம் வரட்டும், தீர்க்காயுசாக இருங்கள். நான் வந்து சேரத் தாமதமானால், எனக்காகச் சூப்பை ஆறவிடாதீர்கள்.

உன் மாமா,
யாரோமீர்