வரப்பு இல்லாத மேடை

அனுப்புபவர்:
ஞா. அன்னபாக்கியம்,
தலைமை ஆசிரியை, பெண்கள் ஆரம்பப் பாடசாலை,
கிருபாபுரம், ஆய்க்குடி வழி,
தென்காசித் தாலுகா.

பெறுபவர்:
ராவ் சாகிப் த. மாசிலாமணி அவர்கள்,
ஓய்வு பெற்ற டெபுடி கலெக்டர்,
தலைவர், மேல்வட்டாரச் சபைகளின் பாட்டுப் பண்டிகைக் கமிட்டி,
தென்காசி.

பொருள்: 24-7-1937 அன்று குற்றாலத்தில் நடந்த பாட்டுப் பண்டிகையை முன்னிட்டுக் கிருபாபுரம் பெண்கள் பாடற்குழுவுக்கு விதிக்கப்பட்ட இரண்டு வருஷத் தடையை நீக்கக் கோருதல்.

பார்வை: தங்கள் காரியதரிசியின் 31-7-1937 தேதிக் கடிதம்.

கனம் பொருந்திய ஐயா,

பார்வையில் கண்ட கடிதம் இம்மாதம் இரண்டாம் தேதி எனக்குக் கிடைத்தது. எங்கள் குழு பாட்டு முடியுமுன் மேடையை விட்டுப் போய்ப் போட்டியிலிருந்து விலகிற்று என்பது அதில் முதல் குற்றம். சபையைச் சேராத ஒருவர் எங்களுடன் பாடினார் என்பது இரண்டாவது. பதில் கேட்காமலே தண்டனையும் அதே கடிதத்தில் எழுதப்பட்டிருந்தது. ஆகையால் நடந்ததை நடந்தபடி தங்கள் சமுகத்தில் தெரிவித்துக் கொள்கிறேன்.

1. எங்கள் ஊரில் ஆண்கள் குழு இருபது வருஷமாக இருக்கிறது. பெண்கள் குழுவுக்கு இதுதான் முதல் வருஷம். பன்னிரண்டு பேர், எல்லாரும் நடவுக்குப் போகிறவர்கள். இரண்டு பேருக்குத்தான் எழுத்துத் தெரியும். பெண்கள் குழுவும் பண்டிகைக்கு வரலாம் என்று தாங்கள் அனுப்பிய அறிக்கையை நான் எங்கள் வேதக் கோயிலில் வாசித்தபோது, எங்கள் சபை மூப்பர் வேதக்கண்ணு அவர்கள் எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டார். இதைக் குறையாகச் சொல்லவில்லை. எங்களுக்கு எவ்வளவு இடம் தரப்பட்டது என்பது தங்களுக்குத் தெரியவேண்டும்.

2. கமிட்டி ஐந்து சரணமுள்ள கீர்த்தனையை ஜூன் முதல் வாரம் அனுப்பிற்று. ஜூன் முதல் வாரம்தான் கார் நெல் நடவும் தொடங்கிற்று. விடியுமுன் வயலுக்குப் போய் இருட்டி வீடு திரும்பி உலை வைக்கிற பெண்களை எந்த வேளையில் கூட்டிப் பாட்டுச் சொல்லிக் கொடுப்பது? வார நாட்களில் கோயில் சாவியும் எங்களுக்குக் கொடுக்கப்படவில்லை. நடவுக்காகப் பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்தபடியால், நான் குடையை எடுத்துக்கொண்டு வயலுக்கே போனேன். நான் வரப்பில் நின்று ஒவ்வொரு அடியாகச் சொல்ல, அவர்கள் நாற்றை ஊன்றிக்கொண்டே பாடினார்கள். ஆறு வாரமும் இப்படியே நடந்தது.

3. தாங்கள் சர்க்கார் உத்தியோகத்தில் எத்தனையோ வயல்களைப் பார்வையிட்டிருப்பீர்கள். நடுகிறவர்கள் முன்னால் நடப்பதில்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. நட்ட நாற்றை மிதிக்காமல் பின்னால் பின்னால் போவார்கள். கிருபாபுரம் குழு பல்லவியை நிமிர்ந்து நின்று பாடும்; சரணத்தில் ஒரு அடி முடிந்தால் கால் ஒரு சாண் பின்னால் போகும். யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. குதிகாலில் வரப்புத் தட்டினால் வரிசை நிற்கும். இதுதான் அவர்கள் கற்ற பாட்டு. இதில் கால் வேறு, குரல் வேறு என்று பிரித்துச் சொல்லிக் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை. இந்தத் தவறு என்னுடையது.

4. அன்று காலை முதல் சாரல். எங்கள் முறை ஒன்பதாவது. மேடையில் ஏறி இரண்டு வரிசையாக முன் விளிம்பை ஒட்டி நிற்கும்படி தொண்டர் சொன்னார், நின்றோம். பின்வரிசைக்குப் பின்னால் நான்கு முழம், அதாவது எட்டுச் சாண், இடம் இருந்தது. அதற்கப்பால் ஒரு படுதா. படுதாவுக்கு அப்பால் அசன விருந்துக்குச் சோறு வடிக்கிற வெட்டவெளி. மேடை முக்கால் முழ உயரம். பிறகு நான் போய் அளந்து பார்த்ததால் இவ்வளவு சரியாக எழுதுகிறேன்.

5. முதல் சரணத்தில் நான்கு சாண் பின்னால் போனார்கள். இரண்டாவது சரணத்தில் இன்னும் நான்கு சாண். மூன்றாவது சரணத்தின் முதல் அடி முடிந்ததும் பின்வரிசை ஆறு பேரும் படுதாவோடு கீழே இறங்கிவிட்டார்கள். மேல்வயலிலிருந்து கீழ்வயலுக்கு இறங்கிப் பழகிய கால்கள் என்பதால் ஐந்து பேருக்கு ஒன்றுமில்லை. பரிபூரணம் என்கிற பெண் மட்டும் சறுக்கினார். சரணம் முடிவதற்குள் முன்வரிசையும் போய்விட்டது.

எதிரே பந்தலில் கூடியிருந்தவர்கள் சிரித்தது உண்மை. நானும் அந்த இடத்தில் உட்கார்ந்திருந்தால் சிரித்திருப்பேன். ஆனால் நான் நின்றது மேடையில், வரிசையின் ஓரத்தில், கையால் தாளம் காட்டிக்கொண்டு. நான் கையை இறக்கியிருந்தால் பாட்டு நின்றிருக்கும். இறக்கவில்லை. வரப்பில் அவர்களோடு நடப்பது போலவே மேடையில் நடந்து, படுதாவை விலக்கிக்கொண்டு நானும் இறங்கினேன்.

6. நான்காவது, ஐந்தாவது சரணங்களை வடித்த சோற்றுக்குப் பக்கத்தில், மழையில் நின்று பாடினோம். முன்னால் வெறும் மேடை இருந்தது. ஆனாலும் பந்தலில் ஒருவரும் எழுந்து போகவில்லை, சிரிப்பும் நின்றிருந்தது. கடைசிப் பல்லவி முடிந்ததும் ஆமென் என்று சொன்ன குரல்களில் நடுவர்களுடைய குரலும் இருந்தது. இதைத் தாங்கள் அவர்களிடமே விசாரித்துக் கொள்ளலாம்.

7. இரண்டாவது குற்றத்துக்கு வருகிறேன். அதில் சொல்லப்பட்டவர் பெயர் முப்பிடாதியம்மாள். எங்கள் ஊர்க்காரர். பண்பொழி மலைக்கோயிலுக்கு வருஷந்தோறும் போய்வருகிறவர். எங்கள் சபையைச் சேர்ந்தவர் அல்ல. ஆனால் நடவு வரிசையில் தலையாள் அவர்தான். அவர் கை போகிற வேகத்துக்குத்தான் மற்றப் பன்னிரண்டு பேரும் நடுவார்கள். ஆகவே கீர்த்தனை முழுவதும் அவருக்குப் பாடம். விதியின்படி அவரை மேடையில் ஏற்ற முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரே முந்திக்கொண்டு, “அது ஒங்க சாமி பாட்டு டீச்சரம்மா, நீங்க நின்னு படிங்க. நான் பின்னால சோத்துச் சட்டிகிட்ட நின்னு கேக்கேன்” என்றார். ஆண்டவருடைய பண்டிகைக்குப் போகிற வழியெல்லாம் பெண்களின் சோற்றுக் கூடையைச் சுமந்து வந்தவர் அவர்.

பரிபூரணம் சறுக்கியபோது இடுப்பைப் பிடித்துத் தாங்கியவரும் அவரே. பெண்கள் திகைத்துப் பாட்டைத் தவறவிட இருந்த அந்த நேரத்தில் அவர் சொன்னதைச் சொன்னபடியே எழுதுகிறேன்: “நிறுத்தாதீங்கட்டி, இன்னும் வரப்பு வரல, படிங்க.” சொல்லிவிட்டுத் தாமும் பாடினார். இதை நான் மறுக்கவில்லை.

8. ஒன்று மட்டும் கேட்க அனுமதிக்க வேண்டுகிறேன். மூன்றாவது சரணத்தோடு எங்கள் குழு போட்டியை விட்டு விலகிவிட்டதாக முதல் குற்றம் சொல்லுகிறது. விலகிவிட்டோமென்றால், அதற்குப் பிறகு அவர் எந்தக் குழுவோடு பாடினார்? மழையில் நின்று பதினான்கு பெண்கள் துதி பாடுவதற்கு விதிப் புத்தகத்தில் தடை இல்லை. நாங்கள் விலகவில்லை என்றால் முதல் குற்றம் போயிற்று. இரண்டில் எதைத் தள்ளுவது என்பது தங்கள் சித்தம். இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொள்வது நியாயமல்ல.

9. பரிசு கிடைக்காதது பற்றி எங்களுக்கு மனக்குறை இல்லை. தடைதான் எங்களை வருத்துகிறது. கமிட்டியின் கடிதம் வந்த மறு ஞாயிறு மூப்பர் அவர்கள் அதைச் சபையார் முன் இரண்டு முறை வாசித்தார். பெண்கள் குழுவைக் கலைத்துவிட வேண்டுமென்று வருகிற 22-ந் தேதி ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் தீர்மானம் கொண்டுவர இருக்கிறார். தடை நீங்கவில்லை என்றால் அது நிறைவேறும். ஒரு தடவை கலைத்துவிட்டால், இவர்களை மறுபடி வரிசையில் நிறுத்த என்னால் ஆகாது.

ஆய்க்குடிச் சந்தையில் எங்கள் பெண்களைக் கண்டதும் சிலர் பின்னால் நடந்து காட்டுகிறார்கள். மற்றவர்கள் பொறுத்துக்கொண்டார்கள். பரிபூரணம் பொறுக்கவில்லை. தான் சறுக்கியதால்தான் எல்லாம் கெட்டது என்று நினைத்துக்கொண்டு, பண்டிகைக்குப் பிறகு கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டார். இரண்டாம் குரலில் அவருக்கு இணையான குரல் இந்த வட்டாரத்தில் நான் கேட்டதில்லை. வீட்டுக்குப் போய்க் கூப்பிட்டுப் பார்த்தேன். கதவுக்குப் பின்னால் நின்றே பதில் சொன்னார். எனக்குக் கோபம் வந்தது; இதை எழுதும்போதும் அது ஆறவில்லை. இந்த மனுவில் எங்காவது மரியாதை குறைந்திருந்தால் அதுவே காரணம், மன்னிக்கவும்.

ஆகவே தாங்கள் கருணைகூர்ந்து,

(அ) தடையை நீக்கி, அதற்கான உத்தரவு 22-ந் தேதிக்கு முன் எங்கள் சபைக்குக் கிடைக்கும்படி செய்யவும்;

(ஆ) பரிபூரணத்தின் மேல் எந்தக் குற்றமும் இல்லை என்று அந்த உத்தரவிலேயே ஒரு வரி எழுதவும்;

(இ) அடுத்த வருஷம் மேடையின் பின் விளிம்பில், வரப்பு உயரத்துக்கு, ஒரு நீளக் கட்டையை அடித்து வைக்கவும் வேண்டுகிறேன்.

கட்டையை நாங்களே கொண்டு வருகிறோம். கார் நடவும் வரும், பண்டிகையும் வரும். வயலில்தான் பாட்டுப் படிக்க முடியும். கால்களை இனி மாற்ற முடியாது. குதிகாலில் அது தட்டினால் நின்றுவிடுவோம். கட்டைக்கு அந்தப் பக்கம் முப்பிடாதியம்மாள் நின்று கேட்பதற்கு மட்டும் ஆட்சேபம் சொல்லாதிருக்க வேண்டும்.

தங்கள் பதிலை எதிர்பார்த்து,

ஞா. அன்னபாக்கியம்
கிருபாபுரம்,
9-8-1937.

குறிப்பு: குழுவினர் பன்னிரண்டு பேரில் இரண்டு பேர் கையெழுத்தும் ஒன்பது பேர் இடக்கைப் பெருவிரல் ரேகையும் கீழே இருக்கின்றன. பன்னிரண்டாவது இடம் பரிபூரணத்துக்காக விடப்பட்டிருக்கிறது. உத்தரவோடு இந்தத் தாளையும் திருப்பி அனுப்பினால், அவரிடம் ரேகை வாங்கி மறு தபாலில் அனுப்பி வைக்கிறேன்.