ஆணியும் ஓலைச் சிலுவையும்

இயேசு மரி சூசை துணை

உப்பளம்,
10.11.2024, ஞாயிறு

என் அக்காள் பெற்ற ஒரே மாணிக்கமே, ஜெனோவா,

உப்பளம் தோட்டத்துச் சக்கரவர்த்தி சாமிக்கண்ணு மாமன் எழுதுவது. சக்கரவர்த்திக்குக் காது அவுட். போனில் நீ பேசினால் தகர டப்பாவில் கொசு மாட்டிக்கொண்டது போலக் கேட்கிறது. நேரில் வரலாமென்றால், உன்னைக் குலுங்கிச் சிரிக்க வைக்கக் கூடாது என்று டாக்டரம்மா எனக்குத் தடை போட்டிருக்கிறார். ஆகவே, பூசைக்கு வந்த உன் வீட்டுக்காரர் பிரேம்குமாரின் பையில் இந்த அரச கட்டளை சேதராப்பட்டு வருகிறது.

முக்கியச் செய்தி: இன்று மதாமை அடை வைத்துவிட்டேன். அதுதான், என் வெள்ளைக் கோழி. துரைசானி மாதிரி கழுத்தை நீட்டி நடக்குமே, அதே. போன வாரம் அது என் கொத்தமல்லிப் பாத்தியைக் கிளறிய கிளறலில் பூமியின் அந்தப் பக்கமே தெரிந்தது. பதின்மூன்று முட்டை, இருபத்தொரு நாள். டிசம்பர் முதல் தேதி, திருவருகைக் கால முதல் ஞாயிறு அன்று பொரிய வேண்டும். பதின்மூன்றும் பொரிந்தால் உன் பிள்ளையும் சுகமாகப் பிறக்கும் என்று ஆண்டவரோடு ஒப்பந்தம் போட்டுவிட்டேன்.

எனக்குத் துளியும் பயமில்லை. நீயும் பயப்படாதே.

உன் மாமன்,
சாமிக்கண்ணு

*

சேதராப்பட்டு,
17.11.2024

அன்புள்ள மாமாவுக்கு,

படுத்தபடியே எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருக்கும்.

ஏழாவது மாதம் பிறந்துவிட்டது. முதல் இரண்டு பிள்ளைகளும் இந்த மாதத்தில்தான் போயின. ஒரு துணிகூட இன்னும் வாங்கவில்லை. இவர் தொட்டில் பேச்சை எடுத்தால் கத்திவிடுகிறேன். இந்த நேரத்தில் எதற்கு மாமா அப்படி ஒப்பந்தம் போட்டீர்கள்? கண்ணை மூடினால் முட்டைகள்தான் வருகின்றன.

"ஒண்ணு கூமுட்டையாப் போயிட்டா என்னாங்க பண்றது?" என்று இவரிடம் கேட்டேன்.

"கோழிக்கும் உனக்கும் என்னாடி சம்பந்தம்? உங்க மாமனுக்கு வேற வேல இல்ல" என்கிறார்.

சம்பந்தம் உண்டாகிவிட்டதே மாமா. முட்டையை டார்ச் வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே உயிர் இருப்பது தெரியுமாமே. பார்த்து எழுதுங்கள். வேண்டாம், பார்க்காதீர்கள். ஆனால் ஒன்று கெட்டாலும் என்னிடம் மறைக்காதீர்கள்.

ஜெனோவா

*

இயேசு மரி சூசை துணை

உப்பளம்,
24.11.2024

ஜெனோ கண்ணு,

டார்ச் அடிக்க மாட்டேன். சின்ன வயதில் பூசணி விதையை ஊன்றிவிட்டு, முளை வந்ததா என்று தினமும் தோண்டிப் பார்த்தவன் நான். அந்தப் பூசணி இன்றுவரை முளைக்கவில்லை. மண்ணுக்குள் நடப்பது மண்ணுக்கும் ஆண்டவருக்கும் உள்ள விவகாரம்.

புயல் வரும் என்கிறார்கள். பக்கத்து வீட்டு ஆதிலட்சுமி மதில் மேல் எட்டிப் பார்த்து, "இடி இடிச்சா முட்டையெல்லாம் கூமுட்டையாப் பூடும் அண்ணே. கூடையில ஒரு இரும்பாணி போட்டு வையுங்க" என்றாள்.

"நாங்க வேதக்காரங்கம்மா. எங்களுக்கு எதுக்கு ஆணி?" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

"ஏன், ஒங்க சாமியே ஆணியிலதான நிக்குது?" என்றாள். ரோம் வரை போனாலும் இதற்குப் பதில் கிடைக்காது.

இருந்தாலும் விடுவேனா? குருத்து ஞாயிறன்று கோயிலில் தந்த ஓலையில் சிலுவை முடைந்து வைத்திருந்தேன். அதைத்தான் கூடையில் வைத்தேன். ஆண்டவர் நம்மைக் காப்பதைச் சொல்லச் சிங்கத்தையா தேடினார்? சிறகுக்குள் குஞ்சுகளைச் சேர்க்கும் கோழியைத்தானே சொன்னார்!

மறுபடியும் சொல்கிறேன், எனக்குப் பயமில்லை.

மாமன்,
சாமிக்கண்ணு

*

சேதராப்பட்டு,
2.12.2024

மாமா,

புயல் போயும் மழை விடவில்லை. கரண்ட் இல்லை. பிள்ளை பத்துத் தடவையாவது அசைகிறதா என்று தினமும் எண்ணச் சொல்லியிருந்தார்கள். நேற்று நாலு. இன்று காலையிலிருந்து ஒன்று, அதுவும் என் பிரமையோ என்னவோ. ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறோம்.

தேதி முடிந்துவிட்டது. எத்தனை பொரிந்தது? உண்மையை எழுதுங்கள்.

ஜெனோ

*

உப்பளம்,
3.12.2024

ஜெனோ,

உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் பிரேம்குமார் வாசலில் நிற்கிறார். நீ ஆஸ்பத்திரியில் இருக்கிறாய், இன்னும் ஒன்றும் சொல்ல முடியாது என்கிறார்.

எனக்குப் பயமில்லை என்று மூன்றாம் தடவை எழுதத்தான் பேனாவை எடுத்தேன். ஆதிலட்சுமி வீட்டுச் சேவல் கூவியது. என் செவிட்டுக் காதுக்கே கேட்டது. பட்டப்பகல் பன்னிரண்டு மணிக்குக் கூவுகிறது, ஜெனோ. ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று தடவை சொன்ன பேதுருவுக்காவது விடியற்காலையில் கூவியது.

நான் பயப்படுகிறேன். முதல் கடிதத்திலிருந்தே பயம்தான்.

சனிக்கிழமை தோட்டத்தில் முழங்கால் தண்ணீர். நான் போனபோது கல்லின் மேலிருந்த கூடையில் மதாம் தன் நெஞ்சளவு தண்ணீரில் உட்கார்ந்திருந்தது. தூக்கப் போன கையைக் கொத்திவிட்டது. எழவேயில்லை. கூடையோடு தூக்கி வந்து என் கட்டிலில் வைத்தேன். முட்டைகள் சில்லிட்டுப் போயிருந்தன. ஞாயிறு முழுக்கக் காத்திருந்தேன். திங்களன்று டார்ச் அடித்துப் பார்த்தேன். ஒன்றிலும் அசைவில்லை. பதின்மூன்றையும் முருங்கைக்கு அடியில் புதைத்தேன். மதாம் இன்னும் வெறுங்கூடையில் உட்கார்ந்திருக்கிறது.

அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது நான் மட்டும்தான். ஆண்டவர் போடவில்லை. முட்டையையும் உன்னையும் முடிச்சுப் போட்டது என் வாய். அவிழ்த்துவிட்டேன். மன்னித்துவிடு.

இன்னொன்று. ஓலைச் சிலுவைக்கு அடியில் ஆணியும் வைத்திருந்தேன். ஆண்டவரை நம்பினேன், ஆணியையும் கொஞ்சம் நம்பினேன். சிலுவையை இத்தோடு அனுப்புகிறேன். ஆணியை அனுப்பவில்லை, துருப்பிடித்திருக்கிறது.

மாமன்

*

ஆஸ்பத்திரி,
5.12.2024

மாமா,

உங்கள் கடிதத்தை ஆபரேஷனுக்கு முன்பே படித்துவிட்டேன். பதின்மூன்றும் போயிற்று என்று படித்ததும் அழுதேன். பிறகு, இனி எண்ணுவதற்கு முட்டை இல்லை, பிள்ளை மட்டும்தான் என்று தோன்றியது.

நேற்றுக் காலையில் எடுத்தார்கள். பெண். ஒன்றரைக் கிலோகூட இல்லை. ஆனால் அழுதாள் மாமா. முதல் இரண்டும் அழவேயில்லை. இப்போது கண்ணாடிப் பெட்டிக்குள், கதகதப்பில், இவளும் அடையில்தான் இருக்கிறாள். மூன்று நாள் தாண்டினால்தான் சொல்ல முடியும் என்கிறார்கள்.

பெட்டியின் பக்கத்துத் துவாரத்தில் கையை விடச் சொன்னார் நர்ஸ் கொளஞ்சி அக்கா. நான் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். "தொடும்மா, ஒண்ணும் ஆவாது" என்றார். தொட்டேன். விரலைப் பிடித்துக்கொண்டாள். கை மரத்துப் போயும் நான் எடுக்கவில்லை. உங்கள் மதாமை நினைத்துக்கொண்டேன்.

பயம் போகவில்லை, மாமா. பெட்டிக்குள் எதையும் வைக்க விட மாட்டார்கள். ஓலைச் சிலுவை என் தலையணைக்கு அடியில் இருக்கிறது.

துருப்பிடித்திருந்தாலும் பரவாயில்லை. அந்த ஆணியையும் கொடுத்து அனுப்புங்கள்.

ஜெனோவா